கணினி விளையாட்டின் வரலாறு – 11: சியரா கைமாறிய கதை

சியரா ஆன்-லைன் என்ற கணினி விளையாட்டு நிறுவனம் 1996 ஜூலையில் கைமாறியபோது அதற்கு வயது பதினாறு. வாங்கியது சி.யூ.சி. இன்டர்நேஷனல். பணமாக அல்லாமல் தன் பங்குகளாக அது கொடுத்த விலையின் அன்றைய மதிப்பு ஏறத்தாழ 106 கோடி டாலர். அதற்குப் பின் மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், சியரா வளர்ந்த மலையூரில் அதன் ஸ்டூடியோ மூடப்பட்டுவிட்டது. வாங்கிய நிறுவனத்தின் கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாகவே எழுதப்பட்டுவந்தன என்பதும் அதற்குள் வெளியாகிவிட்டது. கணினி விளையாட்டுத் துறையில் கைமாறிக் கெட்ட ஸ்டூடியோக்கள் பல உண்டு. வாங்கியவரின் மோசடியோடு சேர்ந்து சிதைந்தது என்ற வகையில் சியராவின் கதை தனித்து நிற்கிறது.

சியராவைத் தொடங்கியவர்கள் கென் வில்லியம்ஸ், ராபர்ட்டா வில்லியம்ஸ் தம்பதியர். கலிஃபோர்னியாவின் சீமி வேலியில் குடியிருந்த கென், நிறுவனங்களுக்கு நிரல் எழுதிக் கொடுத்துப் பிழைத்துவந்தவர். வேலைக்காக அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த முனையத்தில் ‘கொலாசல் கேவ்’ என்ற விளையாட்டை ராபர்ட்டா ஆடத் தொடங்கினார். அதில் படம் கிடையாது; குகைக்குள் என்ன தெரிகிறது என்பதைக் கணினி எழுத்தில் சொல்லும், ஆடுபவர் எழுத்தில் கட்டளையிட வேண்டும். ராபர்ட்டா அதில் மூழ்கிப்போனார். முடித்ததும், இதே போன்ற ஒரு கதையைப் படங்களோடு சொல்ல முடியாதா என்று கேட்டார். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு கொலைக் கதையை வகுத்தார், கோட்டோவியங்களாகக் காட்சிகளை வரைந்தார். கென் அதை ஆப்பிள் 2 கணினிக்கு நிரலாக்கினார். 1980இல் வந்த அந்த ‘மிஸ்டரி ஹவுஸ்’தான் படங்களோடு வெளியான முதல் சாகச விளையாட்டு. வட்டுகளைப் பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். பத்தாயிரம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

வருமானம் வந்ததும் இருவரும் நகரத்தை விட்டு வெளியேறி, யோசமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகும் சாலையில் உள்ள சியரா மலையடிவாரப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். மூவாயிரம் பேருக்கும் குறைவாக வாழ்ந்த ஓக்ஹர்ஸ்ட் என்ற சிற்றூர் நிறுவனத்தின் இருப்பிடமானது. ‘ஆன்-லைன் சிஸ்டம்ஸ்’ என்றிருந்த பெயரும் அந்த மலைத்தொடரின் பெயரைச் சேர்த்துக்கொண்டு ‘சியரா ஆன்-லைன்’ ஆனது. யோசமிட்டியின் புகழ்பெற்ற ஹாஃப் டோம் பாறைதான் சின்னம். விளையாட்டுப் பெட்டிகளில் அந்தப் பாறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சியரா என்பது ஓர் இடத்தின் பெயராகவும் இருந்தது.

அங்கே சேர்ந்தவர்களைப் பார்த்தால் நிறுவனத்தின் இயல்பு புரியும். ‘லெஷர் சூட் லாரி’ தொடரை உருவாக்கிய ஆல் லோ பள்ளியில் இசை கற்பித்தவர். ‘போலீஸ் க்வெஸ்ட்’ தொடரின் ஜிம் வால்ஸ் கலிஃபோர்னியா நெடுஞ்சாலைக் காவல் துறையில் பணியாற்றியவர். காவலர் ஒருவரின் அன்றாட நடைமுறையையே அவர் விளையாட்டாக்கினார். ‘ஸ்பேஸ் க்வெஸ்ட்’ செய்த மார்க் க்ரோ, ஸ்காட் மர்ஃபி இருவரும் சியராவுக்குள்ளேயே வளர்ந்தவர்கள். லோரி கோல், கோரி கோல் தம்பதியர் ‘க்வெஸ்ட் ஃபார் குளோரி’யையும், ஜேன் ஜென்சன் ‘கேப்ரியல் நைட்’டையும் படைத்தார்கள். ராபர்ட்டாவுக்கே நிரல் எழுதத் தெரியாது. வாழ்க்கையிலிருந்து நேராக வந்த கதைசொல்லிகளுக்கு நிரலாளரும் ஓவியரும் துணை நின்ற ஒரு பட்டறை அது. பெட்டியின் முகப்பில் ஆசிரியர் பெயரை அச்சிடும் வழக்கத்தை அது போற்றியது. ஓரிடத்தில் சிக்கிக்கொண்ட ஆட்டக்காரர் தொலைபேசியில் அழைத்துத் துப்புக் கேட்கலாம். ‘இன்டர்ஆக்‌ஷன்’ என்று வாடிக்கையாளர்களுக்காக ஒரு பத்திரிகையும் நடத்தியது.

நெருக்கடிகள் சியராவுக்குப் புதியவையல்ல. 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தபோது, கேட்ரிட்ஜ் விளையாட்டுகளில் பணத்தைப் போட்டிருந்த சியரா மூழ்கும் நிலைக்குப் போனது. அதைக் கரையேற்றியது ஐ.பி.எம். கொண்டுவந்த ஒரு வேலை. பி.சி. ஜூனியர் என்ற தன் புதிய வீட்டுக் கணினியின் திறனைக் காட்ட ஒரு விளையாட்டு வேண்டும் என்று அது கேட்டது. 1984இல் ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ பிறந்தது. நாயகன் மரத்துக்குப் பின்னாலும் பாறைக்கு முன்னாலும் நடந்துபோவதை அதற்கு முன் கணினித் திரையில் யாரும் அப்படிக் கண்டதில்லை. பி.சி. ஜூனியர் சந்தையில் தோற்றது. ஆனால் அதோடு ஒத்தியங்கும் டாண்டி 1000 கணினி நன்றாக விற்க, விளையாட்டும் பிழைத்தது. 1988இல் ‘கிங்ஸ் க்வெஸ்ட் 4’ வந்தபோது, ஒலி அட்டைகளுக்கென்றே இசையமைத்து, அந்த அட்டைகளையும் வாங்கும்படி ஆட்டக்காரர்களைத் தூண்டியது சியரா. 1990இல் ஐந்தாம் பாகத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துக் கையால் தீட்டிய ஓவியங்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் தொழில்நுட்பம் மாறியபோது முதல் ஆளாக மாறிக்கொண்டது இந்த நிறுவனம். அதன் முடிவை மதிப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

1988இல் சியரா பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டுகளில் ஒரேகானின் டைனமிக்ஸ், பிரான்சின் காக்டெல் விஷன், கார்ப் பந்தய விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற பாப்பிரஸ், ‘சீஸர்’ தொடரின் இம்ப்ரெஷன்ஸ் ஆகிய ஸ்டூடியோக்களை வாங்கியது. மலையூருக்கு ஆள் பிடிப்பது கடினமாகிவிட்டதால் 1993இல் தலைமையகத்தை வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூவுக்கு மாற்றினார் கென். ஓக்ஹர்ஸ்ட் பட்டறையாக மட்டும் தொடர்ந்தது. நிர்வாகம் ஓர் ஊரிலும் படைப்பு வேறோர் ஊரிலும் ஆன இந்தப் பிரிவினையைச் செய்தவர் நிறுவனரே. பின்னால் வந்தவர்கள் ஓக்ஹர்ஸ்டைக் கைகழுவ அது வழியை எளிதாக்கியது. ஆனால் அப்போதைக்கு வணிகம் உச்சத்தில் இருந்தது. 1995இல் ஏழு குறுந்தகடுகளில், நடிகர்களைப் படம்பிடித்து வெளியிட்ட ராபர்ட்டாவின் ‘ஃபேன்டஸ்மகோரியா’ பத்து லட்சம் பிரதிகள் அளவுக்கு விற்றது.

சியராவின் இயக்குநர் குழுவில் வால்டர் ஃபோர்ப்ஸ் என்பவர் இருந்தார். அவர்தான் சி.யூ.சி.யின் தலைவர். சி.யூ.சி. எந்தப் பொருளையும் செய்து விற்றதில்லை. ஆண்டுச் சந்தா கட்டினால் பொருள்களையும் பயணச் சீட்டுகளையும் தள்ளுபடியில் வாங்கலாம் என்று தொலைபேசியிலும் அஞ்சலிலும் உறுப்பினர்களைச் சேர்ப்பதே அதன் தொழில். காலாண்டு தவறாமல் அதன் இலாபம் ஏறிக்கொண்டே வந்ததால் பங்குச் சந்தையில் நல்ல பெயர். 1996 பிப்ரவரியில் சியராவையும், கல்வி மென்பொருளில் முன்னணியில் இருந்த டேவிட்சன் அண்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தையும் ஒரே மூச்சில் வாங்கப்போவதாக அது அறிவித்தது. டேவிட்சனுக்குச் சொந்தமாக இருந்த சிறு ஸ்டூடியோ ஒன்றும் கூடவே வந்தது. அதன் பெயர் ப்ளிஸார்ட்.

சந்தை விலையைவிட மிக அதிகமான தொகையைப் பங்குதாரர்கள் முன் வைத்து ஒருவர் கேட்கும்போது, பங்குச் சந்தையில் உள்ள நிறுவனத்தின் தலைவர் மறுப்பது கடினம். கென் மறுக்கவும் இல்லை. ராபர்ட்டாவுக்கு இதில் மனம் ஒப்பவில்லை என்பதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு மென்பொருள் நிறுவனம் தள்ளுபடிச் சங்கத்துக்கு எதற்கு என்ற கேள்வியை அன்று கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். விலையாகக் கிடைத்தது காசோலை அல்ல, சி.யூ.சி.யின் பங்குகள் என்பதால் அந்தக் கேள்விக்கு இரட்டிப்பு அவசியம் இருந்தது. இணைப்பு முடிந்த நாளிலிருந்து சியரா பங்குதாரர்களின் செல்வம், பங்கு வைத்திருந்த ஊழியர்களின் சேமிப்பு உட்பட, ஃபோர்ப்ஸின் கணக்கு எவ்வளவு உண்மை என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.

நிர்வாக மாற்றம் உடனே தெரிந்தது. மென்பொருள் பிரிவின் தலைமை டேவிட்சன் நிறுவனத்தின் பாப் டேவிட்சனிடம் போனது. தனக்கும் அதில் முக்கிய இடம் இருக்கும் என்று எதிர்பார்த்த கென்னுக்கு அது பெரிய ஏமாற்றம். சியராவின் விற்பனை, விநியோகம், தயாரிப்பு, கணக்கு ஆகியவை டேவிட்சன் நிறுவனம் இருந்த டாரன்ஸ் நகரத்துக்கு நகர்ந்தன. ஒரு விளையாட்டை எப்போது வெளியிடுவது, எவ்வளவு அச்சிடுவது, எப்படி விளம்பரம் செய்வது என்பதை அதைச் செய்தவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்த நாள்கள் அதோடு போயின. 1997இன் தொடக்கத்தில் டேவிட்சனும் விலகினார். கென் சி.யூ.சி.யின் இணையக் கடை வேலைக்கு மாற்றப்பட்டு, அந்த ஆண்டின் கடைசியில் முற்றாக வெளியேறினார். பதினேழு ஆண்டுகள் நிறுவனத்தை நடத்தியவர் போனபின், விளையாட்டுகளை ஆடிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லக்கூடிய தலைவர் என்று மேலிடத்தில் யாரும் இல்லை.

விளைவு முதலில் ராபர்ட்டாவின் மேசையிலேயே தெரிந்தது. அவர் அப்போது முப்பரிமாண விளையாட்டாகக் ‘கிங்ஸ் க்வெஸ்ட்: மாஸ்க் ஆஃப் இடர்னிடி’யைச் செய்துகொண்டிருந்தார். சண்டை மிகுந்த விளையாட்டுகளே விற்கின்றன என்ற எண்ணம் பரவியிருந்த காலம். கதையை எப்படிக் கொண்டுபோவது என்பதில் அவருடைய சொல்லுக்கு முன்பிருந்த எடை இல்லை. 1998இன் இறுதியில் வெளிவந்த விளையாட்டில் புதிர்களுக்கு நிகராக வாள்வீச்சும் இருந்தது. பழைய ஆட்டக்காரர்களுக்கு அது அந்நியமாகப்பட்டது. சியராவுக்காக அவர் செய்த கடைசி விளையாட்டு அதுதான்.

இதற்கிடையே சி.யூ.சி. தன்னைவிடப் பெரிய அடி எடுத்து வைத்தது. ராமடா, டேஸ் இன் போன்ற ஓட்டல் பெயர்களையும் சென்சுரி 21 வீட்டு விற்பனைப் பெயரையும் உரிமம் கொடுத்து நடத்திய எச்.எஃப்.எஸ். நிறுவனத்தோடு 1997 டிசம்பரில் இணைந்து ‘சென்டன்ட்’ என்று பெயர் மாறியது. எச்.எஃப்.எஸ்.ஸின் ஹென்றி சில்வர்மன் தலைமை நிர்வாகி, ஃபோர்ப்ஸ் குழுத் தலைவர். சி.யூ.சி.யின் கணக்குப் பிரிவை எச்.எஃப்.எஸ். ஆட்கள் பொறுப்பேற்கத் தொடங்கியபோது, உள்ளே இருந்த சிலரே உண்மையைச் சொல்லிவிட்டார்கள்.

மோசடியின் முறை சிக்கலானதல்ல. பங்குச் சந்தை ஆய்வாளர்கள் ஒரு காலாண்டுக்கு எவ்வளவு இலாபத்தை எதிர்பார்க்கிறார்களோ, அந்த எண்ணை முதலில் எழுதிக்கொள்வார்கள். அது வரும்படி கீழே உள்ள வரவுகளைத் திருத்துவார்கள். ஆண்டு முழுவதற்குமான சந்தாவைக் காலத்துக்கு முன்பே வருமானமாகப் பதிவார்கள். இன்னொரு நிறுவனத்தை வாங்கும்போது இணைப்புச் செலவுக்கென்று ஒரு பெருந்தொகையை ஒதுக்கீடாக எழுதி வைக்க வேண்டும். அதைத் தேவைக்கு மேல் பெரிதாக எழுதிவைத்து, பிறகு சிறிது சிறிதாக எடுத்து அன்றாட இலாபத்தோடு கலப்பார்கள். இந்த ஏற்பாட்டில் பள்ளம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகும், அதை நிரப்ப அடுத்த இணைப்பும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும். 1995 முதல் 1997 வரையிலான மூன்று ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 50 கோடி டாலர் இலாபம் கற்பனையானது என்று விசாரணை கண்டது. ஒரு தள்ளுபடிச் சங்கம் ஏன் நிறுவனங்களை வரிசையாக வாங்கிக்கொண்டே போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

1998 ஏப்ரல் 15 மாலை சென்டன்ட் ‘கணக்கு முறைகேடுகள்’ இருப்பதாக அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் அதன் பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சரிந்தது. 1,400 கோடி டாலர் மதிப்பு கரைந்தது. சியராவில் இரவு பகலாக உழைத்துப் பங்குகளாகச் சேர்த்துவைத்தவர்கள் வீடு வாங்கவோ பிள்ளைகளைப் படிக்கவைக்கவோ நம்பியிருந்த பணம் அதில் போனது. இந்தக் குற்றத்தில் அவர்களுக்கு எந்தப் பங்கும் கிடையாது. ஜூலையில் ஃபோர்ப்ஸ் பதவி விலகினார். சென்டன்டுக்குப் பணம் வேண்டியிருந்தது. மென்பொருள் பிரிவு விற்பனைக்கு வந்தது. 1998 நவம்பரில் பிரான்சின் ஹாவாஸ் நிறுவனம் சுமார் 80 கோடி டாலருக்கு முழுப் பிரிவையும் வாங்க உடன்பட்டது. சியரா, டேவிட்சன், ப்ளிஸார்ட் எல்லாம் சேர்த்து வந்த விலை, இரண்டரை ஆண்டுக்கு முன் சியராவுக்கு மட்டும் கொடுத்ததைவிடக் குறைவு.

ஹாவாஸ் அப்போது விவென்டி குழுமத்தின் உறுப்பு. புதிய உரிமையாளரிடம் போன சில வாரங்களிலேயே, 1999 பிப்ரவரி 22 திங்கள்கிழமை, சியரா பெரும் சீரமைப்பை அறிவித்தது. ஓக்ஹர்ஸ்ட் ஸ்டூடியோ மூடப்பட்டது. வேறு சில கிளைகளும் மூடப்பட்டோ சுருக்கப்பட்டோ போயின. மொத்தம் சுமார் 250 பேர் வேலையிழந்தார்கள். சியராவில் பணிபுரிந்தவர்கள் அந்த நாளை ‘ரம்பத் திங்கள்’ என்ற பொருளில் இன்றும் குறிப்பிடுகிறார்கள். அந்த ஸ்டூடியோ இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ‘க்வெஸ்ட் ஃபார் குளோரி 5’ஐ முடித்துக் கொடுத்திருந்தது. ‘ஸ்பேஸ் க்வெஸ்ட்’ தொடரின் ஏழாம் பாகம் வெளிச்சத்துக்கு வரவே இல்லை. ஓக்ஹர்ஸ்ட் கிளையின் பெயரை முன்பே ‘யோசமிட்டி என்டர்டெயின்மென்ட்’ என்று மாற்றிவிட்டிருந்தார்கள். ஆகவே மூடப்பட்ட அன்று, சியரா மலையடியில் இருந்த அந்தக் கட்டடத்துக்குச் சியரா என்ற பெயர்கூட மிச்சமில்லை. சிற்றூர் என்பதால், வேலை போனவருக்கு அங்கே இதே தொழிலில் வேறு இடம் கிடையாது. குடும்பத்தோடு ஊரை விட்டுப் போவதே வழி.

சாகச விளையாட்டுகளின் காலம் எப்படியும் முடிந்துகொண்டிருந்தது, ஆகவே சியரா தானாகவே தேய்ந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. அதே துறையில் சியராவின் பெரிய போட்டியாளரான லூக்காஸ்ஆர்ட்ஸ் யாருக்கும் விற்கப்படாமலே, 2000க்குப் பின் சாகச விளையாட்டுகளைக் கைவிட்டது. ஆனால் ஒரு வகை விளையாட்டு தேய்வதும் அதைச் செய்த நிறுவனம் சிதைவதும் ஒன்றல்ல. எழுத்திலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து இசைக்கும், இசையிலிருந்து திரைப்படக் காட்சிக்கும் தன்னை மாற்றிக்கொண்டே வந்த நிறுவனம் இது. அடுத்த மாற்றம் நிகழ வேண்டிய நேரத்தில் அதன் தலைவர் வெளியே இருந்தார், அதன் பணம் வேறொருவரின் கணக்கில் இருந்தது.

சியராவின் கண் கூர்மையாகவே இருந்தது என்பதற்கு ‘ஹாஃப்-லைஃப்’ சான்று. வால்வ் என்ற புதிய நிறுவனத்தின் முதல் விளையாட்டை வெளியிடும் உரிமையைச் சியரா பெற்றிருந்தது. 1998 நவம்பரில் வெளிவந்த அது, சுடும் விளையாட்டுகளில் கதை சொல்லும் முறையையே மாற்றியது. பல மில்லியன் பிரதிகள் விற்றது. பெட்டியின் மேல் சியராவின் பெயர் இருந்தது, ஆனால் படைப்பு வெளியாருடையது. இணையக் கூடங்களில் தன் விளையாட்டுகளைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதில் வால்வ் 2002இல் சியரா மீது வழக்குத் தொடுத்தது. 2005இல் சமரசம் ஏற்பட்டு இருவரும் பிரிந்தார்கள். பதிப்பாளரே இல்லாமல் ஆட்டக்காரரிடம் நேராக விற்கும் ஸ்டீம் என்ற வழியை வால்வ் அதற்குள் அமைத்துக்கொண்டிருந்தது.

சியரா கடந்த அதே உரிமையாளர் வரிசையைப் ப்ளிஸார்டும் கடந்தது. சி.யூ.சி., சென்டன்ட், ஹாவாஸ், விவென்டி என்று நான்கு பெயர்களின் கீழ் ‘டயாப்லோ’, ‘ஸ்டார்கிராஃப்ட்’, ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ எல்லாம் வந்தன. வேறுபாடு எங்கே என்றால், ப்ளிஸார்டின் நிறுவனர்கள் பல ஆண்டுகள் இடம் விட்டு நகரவில்லை. குறைந்த எண்ணிக்கையில் விளையாட்டுகளைச் செய்து, முடியாததை வெளியிட மறுக்கும் உரிமையையும் கையில் வைத்திருந்தார்கள். சியராவிடம் அந்த உரிமைதான் முதலில் பறிபோனது.

விவென்டியும் நிம்மதி தரவில்லை. ழான்-மரி மெஸ்ஸியே தலைமையில் உலகெங்கும் நிறுவனங்களை வாங்கிக் குவித்து, 2001க்கு 1,360 கோடி யூரோவும் 2002க்கு 2,330 கோடி யூரோவும் நட்டம் காட்டியது அந்தக் குழுமம். 2002 ஜூலையில் மெஸ்ஸியே வெளியேற்றப்பட்டார். விளையாட்டுப் பிரிவில் வெட்டு தொடர்ந்தது. டைனமிக்ஸ் 2001இல் மூடப்பட்டது. 2004இல் இம்ப்ரெஷன்ஸ், பாப்பிரஸ், கடைசியாகப் பெல்வியூ அலுவலகம். அதன் பின் சியரா என்பது பெட்டியில் ஒட்டும் சின்னம் மட்டும். 2008இல் விவென்டியின் விளையாட்டுப் பிரிவு ஆக்டிவிஷனோடு இணைந்தபோது அதுவும் கைவிடப்பட்டது. 2014இல் ஆக்டிவிஷன் அந்தச் சின்னத்தைத் தூசி தட்டி எடுத்தது. மறு ஆண்டு வேறொரு ஸ்டூடியோ செய்த புதிய ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ வந்தது. பழைய பட்டறை திரும்ப வரவில்லை.

வழக்குகள் நீண்டன. சென்டன்ட் தன் பங்குதாரர்களுக்கு 283 கோடி டாலரும், சி.யூ.சி.யின் தணிக்கையாளரான எர்ன்ஸ்ட் அண்ட் யங் 33.5 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன. சி.யூ.சி.யில் ஃபோர்ப்ஸுக்கு அடுத்த இடத்தில் இருந்த கர்க் ஷெல்டனுக்குப் பத்தாண்டுச் சிறை. ஃபோர்ப்ஸ் மீதான முதல் இரண்டு விசாரணைகளில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மூன்றாவதில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2007 ஜனவரியில் 12 ஆண்டு 7 மாதச் சிறையும் 327.5 கோடி டாலர் ஈடுகட்டும் உத்தரவும் கிடைத்தன.

வில்லியம்ஸ் தம்பதியர் இருபது ஆண்டுகளுக்கு மேல் விளையாட்டுத் துறையிலிருந்து விலகியே இருந்தார்கள். கென் 2020இல் சியராவின் வரலாற்றை நூலாக எழுதினார். 2023 ஜனவரியில் இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். ராபர்ட்டாவை இந்தத் தொழிலுக்குள் இழுத்த அதே ‘கொலாசல் கேவ்’, இப்போது முப்பரிமாணத்தில். ஆல் லோ தன் விளையாட்டுகளின் மூல நிரல் அடங்கிய வட்டுகளை முப்பது ஆண்டுகள் வீட்டில் காத்துவைத்திருந்தார். 2018இல் அவற்றை ஏலத்துக்கு விட்டபோது ஆக்டிவிஷன் உரிமை கோரித் தடுத்தது. 2023 அக்டோபரில் ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கிங்ஸ் க்வெஸ்ட், ஸ்பேஸ் க்வெஸ்ட், கேப்ரியல் நைட் ஆகியவை இன்று அந்த நிறுவனத்தின் சொத்து.